எஃகுத் தொடர்வார்ப்பு அச்சில் மசகு: எண்ணெயும் பொடியும்

உருகிய எஃகை இடைவிடாமல் நீண்ட கட்டையாக உறையவைக்கும் முறைக்குத் தொடர்வார்ப்பு என்று பெயர். லேடில் எனப்படும் பெருங்கலத்திலிருந்து எஃகு, டண்டிஷ் எனப்படும் இடைத்தொட்டிக்கு இறங்குகிறது. அங்கிருந்து, மேலும் கீழும் திறந்திருக்கும் ஒரு செம்பு அச்சுக்குள் அது பாய்கிறது. அச்சுச் சுவரின் பின்புறம் நீர் வேகமாக ஓடிக்கொண்டிருப்பதால், சுவரை ஒட்டிய எஃகு உடனே உறைந்து மெல்லிய ஓடாகிறது. அந்த ஓட்டுக்குள் எஃகு இன்னும் நீர்மமாகவே இருக்கும்போது, கீழேயுள்ள உருளைகள் அதை இழுத்துச் செல்கின்றன. அச்சுக்குக் கீழே தெளிக்கப்படும் நீரால் உட்பகுதியும் மெல்ல மெல்ல உறைகிறது. வீடு கட்டும் கம்பிக்கு மூலமான சதுரக் கட்டைக்கு பில்லெட் என்றும், தகடு உருட்டுவதற்கான அகலமான பாளத்துக்கு ஸ்லாப் என்றும் ஆலைகளில் பெயர்.

இந்த எந்திரம் முழுவதிலும் மிகக் கடினமான இடம், சுமார் 0.7 முதல் 1 மீட்டர் வரை நீளமுள்ள அந்தச் செம்பு அச்சுதான். அதற்குள் வரும் எஃகின் வெப்பநிலை ஏறத்தாழ 1,520 முதல் 1,550 டிகிரி செல்சியஸ். செம்பு உருகுவதோ 1,085 டிகிரியில். பின்புறம் ஓடும் நீர் வெப்பத்தை உடனுக்குடன் வாங்கிக்கொள்வதால்தான் செம்பு உருகாமல் நிற்கிறது. ஆனால் செம்பு உருகாமல் இருந்தால் மட்டும் வார்ப்பு நடந்துவிடாது. புதிதாக உறைந்த ஓடு சுவரில் ஒட்டிக்கொள்ளக் கூடாது. எஃகு மட்டத்தின் விளிம்பில் அந்த ஓட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வெப்பநிலையோ உருகுநிலைக்கு மிக அருகில். அத்தகைய ஓடு ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, கீழிருந்து உருளைகள் இழுத்துக்கொண்டே இருந்தால், அது கிழிந்துவிடும்.

ஆகவே ஓட்டுக்கும் செம்புக்கும் நடுவே ஏதேனும் ஒரு பொருள் படலமாக இருக்க வேண்டும். அதுவே இங்கே மசகு. இந்தப் படலம் உராய்வைக் குறைப்பதோடு நின்றுவிடுவதில்லை என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. எஃகிலிருந்து செம்புக்குச் செல்லும் வெப்பம் முழுவதும் இதே படலத்தின் வழியாகத்தான் செல்ல வேண்டும். படலம் தடித்தால் ஓடு வளரும் வேகம் குறைகிறது; மெலிந்தால் ஓடு சுவரை உரசுகிறது; இடத்துக்கு இடம் வேறுபட்டால் ஓடு ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் வளர்ந்து, வெடிப்பு விடுகிறது. மசகும் குளிர்விப்பும் தனித்தனிப் பாடங்களாகப் புத்தகங்களில் வந்தாலும், அச்சுக்குள் அவை இரண்டும் ஒரே படலத்தின் இரு வேலைகள். எண்ணெய் முறையையும் பொடி முறையையும் புரிந்துகொள்வதற்கு இதைவிட நல்ல வாயில் இல்லை என்பது என் கருத்து.

அச்சு ஏன் மேலும் கீழும் அசைகிறது

மசகைப் பற்றிப் பேசுவதற்கு முன் அச்சின் அசைவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் மசகு உள்ளே இறங்குவது பெரிதும் அந்த அசைவால்தான். தொடர்வார்ப்பின் தொடக்கக் காலத்தில் அச்சு அசையாமல் நின்றது. ஓடு ஒட்டிக்கொண்டு கிழிவதே அப்போது அன்றாடத் தொல்லையாக இருந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த சிக்ஃபிரீட் யுங்ஹான்ஸ், அச்சைக் கட்டையோடு சேர்த்துக் கீழே இறக்கிப் பிறகு வேகமாக மேலே தூக்கும் ஏற்பாட்டை 1930-களில் வகுத்தார். பித்தளை போன்ற உலோகங்களில் முதலில் பயன்பட்ட அந்த முறை, 1949 வாக்கில் எஃகு வார்ப்புக்கும் வந்தது. அதே காலத்தில் அமெரிக்காவில் இர்விங் ராஸி முன்நின்று வளர்த்த எந்திரம், நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்வ்லீட்டில் அலகெனி லட்லம் நிறுவனத்தில் ஓடத் தொடங்கியது.

அடுத்த முன்னேற்றம் 1950-களில் இங்கிலாந்தின் பேரோ நகரத்து ஆலையில் நிகழ்ந்தது. கீழே இறங்கும்போது அச்சு கட்டையின் வேகத்தோடு ஒத்துப்போனால் போதாது, சற்று முந்த வேண்டும் என்பதை ஹாலிடே என்பவர் அங்கே நடைமுறையில் நிறுவினார். அச்சு கட்டையைவிட வேகமாக இறங்கும் அந்தக் கணநேரத்தில் ஓடு இழுபடுவதற்குப் பதிலாக அழுத்தப்படுகிறது. விளிம்பில் எங்காவது ஓடு கிழியத் தொடங்கியிருந்தால் அந்த வாய் மூடிக்கொள்கிறது. இந்த நேரத்தை ஆலைகளில் ‘நெகட்டிவ் ஸ்ட்ரிப் நேரம்’ என்பார்கள். நாம் முந்து நேரம் என்று கொள்வோம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். ஸ்லாப் ஒன்று நிமிடத்துக்கு 1.2 மீட்டர், அதாவது வினாடிக்கு 20 மில்லிமீட்டர் வேகத்தில் இறங்குகிறது என்று கொள்வோம். அச்சு நிமிடத்துக்கு 120 முறை, ஒவ்வொரு முறையும் மேல்கோடிக்கும் கீழ்கோடிக்கும் இடையே 6 மில்லிமீட்டர் தூரம் அலைகிறது. சைன் அலைப்படி அசையும் அச்சின் உச்ச வேகம், பை (π), அலைவெண், வீச்சுத்தூரம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் கிடைக்கும்: வினாடிக்குச் சுமார் 38 மில்லிமீட்டர். அரை வினாடி நீளும் ஒவ்வோர் அலைவிலும் ஏறத்தாழ 0.16 வினாடி அச்சு கட்டையை முந்தி இறங்குகிறது, மீதி 0.34 வினாடி கட்டை அச்சை முந்துகிறது. ஒவ்வோர் அலைவும் ஓட்டின் மேல் ஒரு மெல்லிய குறுக்குவரியைப் பதித்துவிட்டுப் போகும். வினாடிக்கு இரண்டு அலைவு, 20 மில்லிமீட்டர் நகர்வு என்பதால் வரிக்கு வரி இடைவெளி 10 மில்லிமீட்டர். குளிர்ந்த ஸ்லாப்பின் பக்கத்தில் அளவுகோலை வைத்துப் பார்ப்பவர், அதை வார்த்தபோது எந்திரம் எப்படி ஓடியது என்பதை அந்த வரிகளிலிருந்தே படித்துவிடலாம்.

முந்து நேரம் மிகக் குறைந்தால் ஒட்டிக் கிழியும் ஆபத்து கூடும். மிக நீண்டால் குறுக்குவரி ஆழமாகி, அதன் அடியில் குறுக்கு வெடிப்பு தோன்ற இடமாகிறது. ஆகவே வார்க்கும் வேகம் மாறும்போதெல்லாம் அலைவெண்ணும் வீச்சும் அதற்கேற்ப மாறும்படி எந்திரத்திலேயே கட்டளை எழுதிவைக்கிறார்கள். ஹைட்ராலிக் அசைவமைப்பு உள்ள எந்திரங்களில் மெதுவாக ஏறி விரைவாக இறங்கும் சைன் அல்லாத அசைவையும் கொடுக்க முடிகிறது. இது குறுக்குவரியை ஆழமாக்காமல் மசகு இறங்குவதற்குக் கூடுதல் நேரம் தருகிறது.

பில்லெட் அச்சில் எண்ணெய்

சிறிய பில்லெட்டுகளை வார்க்கும்போது டண்டிஷிலிருந்து எஃகு பெரும்பாலும் திறந்த தாரையாக நேரே அச்சுக்குள் விழுகிறது. 100 அல்லது 120 மில்லிமீட்டர் சதுரமுள்ள அச்சில், எஃகுக்குள் மூழ்கும் பீங்கான் குழாயை நுழைத்துச் சுற்றிலும் போதிய இடம் விடுவது கடினம். திறந்த தாரை விழும் இடத்தில் பொடியைத் தூவினால் தாரை அதையும் இழுத்துக்கொண்டு எஃகுக்குள் போய்விடும். எனவே இங்கே மசகு என்பது எண்ணெய்.

எண்ணெய் அமைப்பின் கட்டுமானம் எளிமையானது. சேமிப்புத் தொட்டி ஒன்று, ஒவ்வொரு வார்ப்புத் தடத்துக்கும் (ஒரு கட்டை இறங்கும் வழிக்கும்) தனித்தனியே அளந்து அனுப்பும் பம்பு, வடிகட்டி, அச்சின் தலையில் பொருத்தப்பட்ட லூப்ரிகேட்டர் தட்டு. அந்தத் தட்டுக்கும் செம்புக் குழாயின் மேல்விளிம்புக்கும் இடையே நாற்புறமும் ஒரு நுண்ணிய பிளவு இருக்கும். பம்பு தள்ளும் எண்ணெய் அந்தப் பிளவின் வழியே கசிந்து, நான்கு சுவர்களிலும் மெல்லிய திரையாக வழிந்து எஃகு மட்டத்தை அடைய வேண்டும். ஆரம்ப காலத்தில் பரவலாகப் பயன்பட்டது, கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ரேப் விதையின் எண்ணெய். இன்று தாவர எண்ணெய், கனிம எண்ணெய், செயற்கை எஸ்டர் ஆகியவற்றின் கலவைகள் விற்பனைக்கு வருகின்றன.

அளவு எவ்வளவு என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 130 மில்லிமீட்டர் சதுர பில்லெட் நிமிடத்துக்கு 3 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது என்றால், சுவரைக் கடந்துபோகும் எஃகின் பரப்பு நிமிடத்துக்கு 1.56 சதுர மீட்டர். தடம் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 40 மில்லிலிட்டர் எண்ணெய் ஊற்றினால், அது முழுவதும் அப்படியே பரவியிருப்பதாகக் கொண்டாலும் படலத்தின் தடிமன் 0.026 மில்லிமீட்டர்தான். எடைக் கணக்கில் சொன்னால் பத்து டன் எஃகுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர்.

உண்மையில் அந்த எண்ணெய் முழுவதும் எண்ணெயாக நிலைப்பதில்லை. எஃகு மட்டத்தை நெருங்கியதும் அது ஆவியாகி, சிதைந்து, ஹைட்ரோகார்பன் வாயுக்களாகவும் ஹைட்ரஜனாகவும் கரிப்படிவாகவும் பிரிகிறது. ஆகவே எண்ணெய் செய்யும் மசகு வேலை பெரும்பாலும் மட்டத்தை ஒட்டிய சில சென்டிமீட்டர்களோடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே ஓடு வெப்பச் சுருக்கத்தால் சுவரிலிருந்து விலகியோ, சுவரை நேரே தொட்டோ செல்கிறது. அந்தச் சுருக்கத்தை ஈடுகட்டவே அச்சின் உட்புறம் கீழ்நோக்கிச் சற்றுக் குறுகும்படி கடையப்படுகிறது. சிதைவில் பிறக்கும் ஹைட்ரஜன் வெப்பத்தை நன்றாகக் கடத்தும் வாயு என்பதால், இடைவெளியில் அது நிரம்பும்போது செம்புக்குச் செல்லும் வெப்பமும் கூடுகிறது. உராய்வுக்காக ஊற்றிய பொருள் குளிர்விப்பையும் மாற்றுவதை இங்கே நேரடியாகக் காண்கிறோம்.

கூடுதலாக ஊற்றினால் கூடுதல் பாதுகாப்பு என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது தவறு. சுவரின் வெப்பநிலை எண்ணெயின் கொதிநிலையைத் தாண்டிவிட்டால், ஊற்றும் எண்ணெயில் பெரும்பங்கு எஃகு மட்டத்தை அடைவதற்கு முன்பே புகையாகப் போய்விடும். எண்ணெய் போதாமல் ஓடு உரசுவதைக் கண்ட இயக்குநர் பம்பின் அளவைக் கூட்டுவார். நோயோ சுவரின் சூட்டில் இருக்கும். நீரோட்டம் குறைந்திருக்கலாம், அல்லது நீர்ப்பக்கத்தில் உப்புப் படிந்திருக்கலாம். இன்னொரு பக்கம், மிகுதியான எண்ணெய் மட்டத்தில் கொந்தளிப்பை உண்டாக்கி, பில்லெட்டின் தோலுக்கு அடியில் ஊசித்துளைகளை விட்டுச்செல்கிறது. எண்ணெயில் நீர் கலந்திருந்தால் அந்தத் துளைகள் மேலும் பெருகும். எண்ணெய்ப் பீப்பாயை மழையில் திறந்துவைப்பது சிறு அலட்சியமாகத் தோன்றலாம். அதன் விளைவைக் கம்பி உருட்டும் ஆலை அனுபவிக்கும்.

எண்ணெய் நான்கு பக்கமும் ஒரே அளவில் வழிவது மொத்த அளவைவிட முக்கியமானது. பிளவில் கரி அடைத்துக்கொண்டாலோ, தட்டு சற்று வளைந்திருந்தாலோ, ஒரு சுவர் நனைந்தும் அதன் எதிர்ச்சுவர் காய்ந்தும் இருக்கும். ஒரு பக்க ஓடு தடித்து, மறுபக்க ஓடு மெலிந்து, சதுர பில்லெட் சாய்சதுரமாகக் கோணும். வார்ப்புத் தொடங்குவதற்கு முன் எண்ணெயை ஓடவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் நான்கு சுவர்களிலும் திரை அறுபடாமல் வழிகிறதா என்று பார்ப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். மூலைகளைத் தனியே பார்க்க வேண்டும். திரை முதலில் அறுபடும் இடம் பெரும்பாலும் மூலைதான்.

ஸ்லாப் அச்சில் பொடி

ஸ்லாப்புகளையும் பெரிய ப்ளூம் கட்டைகளையும், தரம் உயர்ந்த பில்லெட்டுகளையும் வார்க்கும்போது, எஃகு காற்றைத் தொடாதபடி மூழ்கிய பீங்கான் குழாய் வழியாக அச்சுக்குள் செல்கிறது. எஃகின் மேற்பரப்பு அமைதியாக இருப்பதால் அதன் மேல் பொடியைப் போட முடிகிறது. 1960-களில் பரவத் தொடங்கிய இந்த முறையில், ஆரம்ப காலப் பொடிகள் பலவற்றுக்கு அனல்மின் நிலையச் சாம்பலே அடிப்படையாக இருந்தது. இன்றைய அச்சுப்பொடி மிக நுட்பமாக அளந்து கலக்கப்படும் பொருள். கால்சியம் ஆக்சைடும் சிலிக்காவும் அதன் உடல். சோடியம் ஆக்சைடும் ஃபுளோரைடும் உருகுநிலையையும் பாகுத்தன்மையையும் இறக்குவதற்காகச் சேர்க்கப்படுகின்றன. அலுமினா, மக்னீசியா ஆகியவை சிறிதளவு. இவற்றோடு நுண்ணிய கரித்தூள்.

பொடியை எஃகின் மேல் போட்டதும் அது அடுக்கடுக்காக மாறுகிறது. மேலே இருப்பது உருகாத பொடி. அதன் கீழே துகள்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்ட அடுக்கு. அடியில், எஃகை நேரே தொட்டபடி உருகிய கசடுக் குளம்; பொடி உருகியதே இந்தக் கசடு. இந்தக் குளத்தின் ஆழம் நல்ல வார்ப்பில் 10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். மேலேயுள்ள பொடி வெப்பம் வெளியேறாமல் காக்கிறது. குளம் காற்றைத் தடுக்கிறது. எஃகிலிருந்து மிதந்து வரும் அலுமினா போன்ற மாசுகளைக் கரைத்து வாங்கிக்கொள்கிறது. அச்சின் ஓரத்தில் இந்த உருகிய கசடுதான் ஓட்டுக்கும் செம்புக்கும் நடுவே இறங்கி மசகாகிறது.

கரித்தூளின் வேலை தனிக் கவனத்துக்கு உரியது. கரித்துகள்கள் உருகும் துளிகளுக்கு இடையே நின்று அவை ஒன்றோடொன்று சேர்வதைத் தாமதப்படுத்துகின்றன. கரி எரிந்து தீரும் வேகமே பொடி உருகும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. கரி குறைந்தால் பொடி மளமளவென்று உருகி, மேலே காப்பாக நிற்பதற்கு எதுவும் மிஞ்சாது. கூடினால் குளம் ஆழமற்றுப் போய் ஓரத்துக்கு மசகு போதாது. கரிமம் மிகக் குறைவாக இருக்க வேண்டிய எஃகு ரகங்களிலோ இதே கரி எஃகுக்குள் ஏறிவிடும் அபாயம் உண்டு.

ஓரத்தின் இடைவெளியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஒரு பக்கம் நீரால் குளிர்விக்கப்பட்ட செம்பு, மேற்பரப்பில் 300 டிகிரி அளவில். மறுபக்கம் எஃகு ஓடு, மட்டத்தின் அருகே 1,400 டிகிரிக்கும் மேல். இவை இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர். இந்தச் சிறு இடைவெளிக்குள் கசடு மூன்று வடிவங்களில் இருக்கிறது: செம்பைத் தொட்ட இடத்தில் சடுதியில் குளிர்ந்த கண்ணாடி, அதையடுத்துப் படிகம், எஃகை ஒட்டிய பக்கத்தில் நீர்மம். திண்மப் பகுதி பெரும்பாலும் சுவரோடு நிற்கிறது அல்லது மிக மெதுவாக நகர்கிறது. உண்மையான மசகு, எஃகை ஒட்டிய அந்த நீர்மப் படலம் ஒன்றே. 1,300 டிகிரியில் அளந்தால், பெரும்பாலான ஸ்லாப் பொடிகளின் கசடு நல்லெண்ணெயைவிடத் தடித்ததாகவும் விளக்கெண்ணெயைவிட நீர்த்ததாகவும் இருக்கும்.

அந்தப் படலத்தின் தடிமனையும் பொடிச் செலவிலிருந்து மதிப்பிடலாம். 1,500 மில்லிமீட்டர் அகலமும் 250 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஸ்லாப், முன்பு கண்டதைப் போல நிமிடத்துக்கு 1.2 மீட்டர் வேகத்தில் இறங்கினால், நிமிடத்துக்கு 4.2 சதுர மீட்டர் பரப்பு சுவரைக் கடக்கிறது. சதுர மீட்டருக்கு 0.3 கிலோ கசடு செலவாகிறது என்பது இயல்பான அளவு. அதைக் கசடின் அடர்த்தியால் வகுத்தால் 0.12 மில்லிமீட்டர் வருகிறது. மொத்தச் செலவு நிமிடத்துக்கு 1.26 கிலோ; அதே நிமிடத்தில் வார்க்கப்படும் எஃகோ 3.5 டன். 150 டன் லேடில் ஒன்று தீருவதற்குள் ஏறத்தாழ 54 கிலோ கசடு அந்த இடைவெளி வழியே இறங்கிப் போயிருக்கும். இத்தனை டன் எஃகும் வழுக்கிச் செல்வது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு தடிமனுள்ள படலத்தின் மேல் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி.

கசடை இடைவெளிக்குள் அனுப்புவதில் அச்சின் அசைவு பெரும்பங்கு வகிக்கிறது. மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் கசடு உறைந்து விளிம்பு கட்டியிருக்கும். அச்சு வேகமாக இறங்கும்போது அந்த விளிம்பு உருகிய கசடை இடுக்குக்குள் அழுத்துகிறது. அலைவின் எந்தக் கட்டத்தில் கசடு மிகுதியாக உள்ளே போகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே முழு உடன்பாடு இல்லை. ஆயினும் வேகம் கூடக்கூடச் சதுர மீட்டருக்குச் செல்லும் கசடு குறைகிறது என்பதை எல்லா ஆலைகளும் கண்டிருக்கின்றன. ஆகவே வேகமாக வார்க்க விரும்புபவர் நீர்த்த கசடைத் தரும் பொடிக்கு மாற வேண்டும். மிகவும் நீர்த்த கசடோ எஃகின் ஓட்டத்தில் எளிதில் இழுபட்டு உள்ளே சிக்கிக்கொள்ளும்.

ஒரே பொடி எல்லா எஃகுக்கும் ஏன் பொருந்தாது என்பதற்கும் விடை படலத்தின் இரட்டை வேலையிலேயே இருக்கிறது. கரிமம் ஏறத்தாழ 0.09 முதல் 0.17 சதவீதம் வரை உள்ள எஃகுகள் உறைந்த உடனேயே, படிக அமைப்பு மாறுவதால் கூடுதலாகச் சுருங்குகின்றன. அவற்றின் ஓடு சுவரைவிட்டு அங்கங்கே விலகி, மேடும் பள்ளமுமாக வளர்ந்து, நீளவாக்கில் வெடிக்கும். அவற்றை மென்மையாகக் குளிர்விக்க வேண்டும். அதற்காகச் சிலிக்காவோடு ஒப்பிடுகையில் கால்சியம் ஆக்சைடு மிகுந்த, எளிதில் படிகமாகும் பொடியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கஸ்பிடைன் என்ற கால்சியம், சிலிக்கான், ஃபுளோரின் சேர்ந்த படிகம் அந்தப் படலத்தில் வளர்ந்து வெப்பத்தை மட்டுப்படுத்துகிறது. ஆனால் படிகம் பெருகினால் நீர்மப் பகுதி குறையும், மசகு வற்றும். கரிமம் மிகுந்த எஃகுகளில் நிலைமை தலைகீழ்: ஓடு வலுவற்றது, ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. அங்கே குறைந்த வெப்பநிலையில் உருகி, கண்ணாடியாகவே நிற்கும் பொடி வேண்டும். வெப்பம் கூடுதலாகப் போனாலும் தாங்கிக்கொள்ளலாம்.

பொடியைப் போடும் முறையும் பொடியின் தரத்துக்கு நிகரானது. மேற்பரப்பு எப்போதும் கறுப்பாகவே இருக்க வேண்டும். எங்காவது சிவந்து தெரிந்தால் அந்த இடத்தில் பொடி தீர்ந்துவிட்டது என்று பொருள். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போட வேண்டும். ஒரே தடவையில் ஒரு மூட்டையைக் கவிழ்த்தால் குளம் குளிர்ந்து ஓரத்து விளிம்பு தடிக்கும். தூசி பறப்பதைக் குறைக்கப் பொடியைச் சிறு மணிகளாக்கி விற்கிறார்கள். மணியாக இருந்தால் தானியங்கிக் குழாய் வழியே சீராகத் தூவவும் முடிகிறது. ஈரம் பட்ட பொடி எஃகுக்குள் ஹைட்ரஜனை ஏற்றுவதால், மூட்டையைத் திறந்து நாள்கணக்கில் வைக்கக் கூடாது.

குளத்தின் ஆழத்தை அளப்பதற்கு இன்றும் கைமுறை ஒன்று இருக்கிறது. ஒரு மரப்பலகையில் அலுமினியக் கம்பி, செம்புக் கம்பி, எஃகுக் கம்பி ஆகிய மூன்றையும் ஒரே நீளத்தில் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தி, சில வினாடிகள் அச்சுக்குள் செங்குத்தாக இறக்கி எடுக்கிறார்கள். எஃகுக் கம்பி உருகிய எஃகைத் தொட்ட இடம்வரை கரைந்திருக்கும். செம்புக் கம்பி உருகிய கசடு தொடங்கும் இடம்வரை கரைந்திருக்கும். அலுமினியம் அதற்கும் மேலே, பற்றிக்கொண்ட அடுக்கின் அளவைக் காட்டும். எஃகுக்கும் செம்புக்கும் உள்ள நீள வேறுபாடுதான் குளத்தின் ஆழம். அந்த ஆழம் அச்சின் வீச்சுத்தூரத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. இல்லையெனில் ஒவ்வோர் அசைவிலும் ஓரம் ஒருகணம் வறண்டுபோகும்.

மசகு தவறினால்

ஓரத்தில் கசடு வரும் வழி அடைபட்டு, ஓடு செம்பில் ஒட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். ஒட்டிய துண்டு மேலேயே நிற்க, அதன் கீழுள்ள ஓடு இழுபட்டுப் பிரிகிறது. கிழிந்த வாயில் உள்ளிருந்து எஃகு பாய்ந்து புதிய மெல்லிய ஓடு உறைகிறது. அடுத்த அலைவில் அதுவும் கிழிகிறது. இப்படிக் கிழிவதும் உறைவதுமாக அந்த வாய், வார்ப்பு வேகத்தைவிடக் குறைந்த வேகத்தில் அச்சின் கீழ்விளிம்பை நோக்கி இறங்கிவருகிறது. பக்கங்களிலும் பரவி ஆங்கில வி எழுத்தின் வடிவம் கொள்கிறது. அது அச்சைவிட்டு வெளியே வந்ததும் தாங்குவதற்குச் சுவர் இல்லை. உள்ளிருக்கும் எஃகு எந்திரத்தின் மேல் கொட்டுகிறது. இதையே பிரேக்அவுட் என்கிறார்கள். உருளைகளும் தெளிப்பான்களும் உறைந்த எஃகுக்குள் புதைந்துபோகும்; உடனிருப்போரின் உயிருக்கும் ஆபத்து.

நல்லவேளையாக அந்த வாய் இறங்கிவரும்போது தடயம் விடுகிறது. ஸ்லாப் அச்சின் செம்புத் தகடுகளுக்குள் வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள்கள் வரிசை வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். வழக்கமாக மேல்வரிசை கீழ்வரிசையைவிடச் சூடாக இருக்கும். கிழிந்த வாய் மேல்வரிசையைக் கடக்கும்போது அங்கே வெப்பநிலை ஏறி இறங்குகிறது. சில வினாடிகள் கழித்துக் கீழ்வரிசை ஏறி, மேல்வரிசையைத் தாண்டிவிடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தைக் கணினி கண்டுகொண்டதும் வார்ப்பு வேகத்தைத் தானாகவே குறைக்கிறது. மெதுவாக இறங்கும் ஓட்டுக்குத் தடிக்க நேரம் கிடைத்து, காயம் அச்சுக்குள்ளேயே ஆறிவிடுகிறது. ஹைட்ராலிக் எந்திரங்களில் அச்சை அசைக்கத் தேவைப்படும் விசையைக் கணக்கிட்டு உராய்வையே நேரடியாகக் கண்காணிப்பதும் உண்டு.

இத்தனை நன்மை தரும் ஃபுளோரைடுக்கு ஒரு விலையும் இருக்கிறது. கசடிலிருந்து அது ஆவியாக வெளியேறி வேலை செய்வோரின் மூச்சைப் பாதிக்கிறது. தெளிப்பு நீரில் கரைந்து அந்த நீரை அமிலமாக்கி, அச்சுக்குக் கீழேயுள்ள உருளைகளை அரிக்கிறது. பில்லெட் வார்ப்புக்கு ஃபுளோரைடு இல்லாத பொடிகள் வந்துவிட்டன. ஸ்லாப்பில் கஸ்பிடைன் செய்யும் வேலையை வேறொரு படிகத்திடம் ஒப்படைப்பது அவ்வளவு எளிதாக இல்லை.

கார்களுக்கான உயர்வலிமைத் தகடுகளில் அலுமினியம் மிகுந்த ரகங்கள் வந்தபோது இன்னொரு சிக்கல் எழுந்தது. எஃகிலுள்ள அலுமினியம் கசடிலுள்ள சிலிக்காவிடமிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கிறது. சிலிக்கான் எஃகுக்குள் போகிறது, அலுமினா கசடில் சேர்கிறது. வார்ப்பு தொடங்கியபோது இருந்த கசடும் அரைமணி நேரம் கழித்து இருக்கும் கசடும் வேறு வேறு பொருள்கள் ஆகிவிடுகின்றன: பாகுத்தன்மை மாறுகிறது, படிகம் பெருகுகிறது, நீர்மப் படலம் மெலிகிறது. சிலிக்காவைக் குறைத்து, சுண்ணாம்பையும் அலுமினாவையும் அடிப்படையாகக் கொண்ட பொடிகளை இதற்காக முயன்று வருகிறார்கள். அவை வேதிவினையைக் குறைத்தாலும் எளிதில் படிகமாகிவிடுவதால், மசகில் இன்னும் பின்தங்கியே நிற்கின்றன. ஆகவே இந்த ரகங்களை வார்க்கும்போது வேகத்தை அடக்கி, இடையிடையே கசடு மாதிரி எடுத்து அலுமினா எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து, சில லேடில்களோடு வார்ப்பு வரிசையை முடித்துக்கொள்கிறார்கள்.